பதினோரு மணி நேரத் தூரம்

இல்லீங்க மேடம், ப்ளைட் லேட்டான்னு கேக்கல. லேட்டாக்க முடியுமான்னு கேக்கறேன்.

ஆமா, அதேதான். பதினொண்ணு பத்துக்கு அங்கேருந்து கிளம்பினது. ஒண்ணு அஞ்சுக்கு இறங்கும்னு போர்டுல போட்டிருக்கு. அதைக் கொஞ்சம் நாலு மணிக்கு இறங்கற மாதிரி பண்ணினா நல்லாருக்கும். மழை பெஞ்சா மேலயே சுத்திட்டிருப்பாங்கல்ல, அந்த மாதிரி. மழை இல்லன்னு தெரியுது மேடம், வெயில் மண்டையப் பொளக்குது. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

சரி, இறங்கட்டும். இறங்கினப்புறம் கதவைத் திறக்காம வெச்சிருக்க முடியாதா? ஏதாவது சாவி கிடைக்கலன்னு?

சிரிக்கறீங்க. பரவால்ல, சிரிங்க. நீங்க சிரிக்கற ஆளுன்னு பாத்துட்டுதான் இந்தக் கவுண்டருக்கு வந்தேன். அந்தக் கோடியில ஒருத்தர் சும்மாதான் உக்காந்திருக்காரு. மூக்கு நுனியில கண்ணாடிய வெச்சுக்கிட்டு, எதிர்ல யார் வந்தாலும் தப்பு செஞ்சவங்கள பாக்கற மாதிரி பாக்கறாரு. அவர் முன்னாடி நின்னா எனக்கு என் பேரே மறந்துடும். நீங்க இப்பதான் போன்ல உங்க வீட்டுக்காரர்கிட்ட, முதல்ல அடுப்ப அணைங்க, அப்புறம் கோவப்படுங்கன்னு சொன்னீங்க. அது காதுல விழுந்ததும், சரி, இங்கயே கேட்டுடலாம்னு வந்து நின்னேன். ஒட்டுக் கேக்கல மேடம். இந்தக் கண்ணாடி ஓட்டை இருக்கே, உங்க மேசை உயரத்துக்கு வெச்சுட்டாங்க, அதுல வாய வெச்சுப் பேசணும்னா குனியணும், குனிஞ்சா எல்லாம் கேக்குது.

அம்மாங்க. அந்த ப்ளைட்டுல எங்க அம்மா வர்றாங்க.

சேச்சே, சண்டையெல்லாம் கிடையாது. ரொம்பப் பாசம். அந்தப் பாசத்தாலதான் இப்ப உங்க முன்னாடி குனிஞ்சு நிக்கறேன்.

பின்னாடி ஆள் வந்துட்டாரா? சார், நீங்க கேளுங்க சார். இல்ல இல்ல, எனக்கு அவசரம் இல்ல. அதாவது அவசரம்தான், ஆனா நீங்க கேளுங்க.

அவரு போயிட்டாரா? பாவம், பெட்டி வரலைன்னு இவ்வளவு வருத்தப்படறாரு. எங்க அம்மாவா இருந்தா இந்நேரம் உங்கள எந்திரிக்க வெச்சு, அந்த நாற்காலியில அவங்க உக்காந்து, பெட்டி வராத எல்லாருக்கும் ஃபாரம் நிரப்பிக் குடுத்துட்டிருப்பாங்க.

விஷயம் என்னன்னா மேடம், இது ஒரு மணி ஐம்பத்தஞ்சு நிமிஷ ப்ளைட். உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஓட்டறவருக்குத் தெரியும். எங்க அம்மாவுக்கு மட்டும் தெரியாது. அவங்க கணக்குல இது பதினோரு மணி நேர ப்ளைட்.

நான்தான் சொன்னேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி.

ஏன்னு சொல்லணும்னா எங்க அம்மாவப் பத்திச் சொல்லணும். நான் காலேஜ் படிச்சப்ப ஹாஸ்டல்ல இருந்தேன். வீட்டுலேருந்து பஸ்ல நாப்பது நிமிஷம். தினம் வருவாங்க. மதியச் சாப்பாட்டத் தூக்கிட்டு வந்து, வார்டன் ரூம்ல உக்காந்து, வார்டனுக்கும் ஒரு வாய் குடுத்து, கடைசியில அந்த வார்டன் தன் மருமக சண்டையெல்லாம் எங்க அம்மாகிட்டதான் சொல்லும். என் மார்க்கு எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி அம்மாவுக்குத் தெரியும். நான் பேசறவளே இல்லீங்க. இப்ப நம்ப மாட்டீங்க. சின்ன வயசுலேருந்து யாராவது என்னை ஏதாவது கேட்டா, நான் வாயத் திறந்து மூச்சு இழுக்கறதுக்குள்ள பக்கத்துலேருந்து பதில் வந்துடும். டாக்டர் எங்க வலிக்குதும்பாரு. வயித்துக்கு மேல, நேத்து மத்தியானத்துலேருந்துன்னு அம்மா சொல்வாங்க. எனக்கே சில சமயம் சந்தேகமா இருக்கும், வலி எனக்கா அவங்களுக்கான்னு. இவ கொஞ்சம் கூச்சம் சார்னு ஒரு வார்த்தை சேத்துப்பாங்க. அப்படிச் சொல்லிச் சொல்லியே கூச்சம் என்கிட்ட வந்து நல்லா காலை நீட்டி உக்காந்துக்கிச்சு.

அப்பாவா? இருக்காரு, நல்லா இருக்காரு. அவர் குரல் எப்படி இருக்கும்னு சட்டுனு கேட்டீங்கன்னா யோசிச்சுதான் சொல்லணும். முறை வந்தாத்தானே.

இந்த ஊர் வேலைக்கு இன்டர்வ்யூ நடந்துச்சு பாருங்க, வீடியோவுல. லேப்டாப்புக்குப் பின்னாடி அம்மா நின்னாங்க. உங்க பலவீனம் என்னன்னு கேட்டாரு அந்த ஆளு. நான் யோசிச்சிட்டிருக்கேன், பேச வராது சார்னு பின்னாடியிலேருந்து சத்தம். அந்த ஆளு இத்தனை நேர்மையான பதிலக் கேட்டதே இல்லன்னு வேலையக் குடுத்துட்டாரு.

வேலை கிடைச்ச அன்னிக்கே அம்மா கேட்டாங்க, அந்த ஊரு எவ்வளவு தூரம்னு. என் வாயிலேருந்து நிஜம் வர்றதுக்கு முன்னாடி அவங்க முகத்தப் பாத்தேன். மனசுக்குள்ள பஸ் ஏறிட்டாங்க. ரெண்டு மணி நேரம்னு சொன்னேன்னு வைங்க, சனி ஞாயிறு முழுக்க இங்கதான். இந்த ஊர்ல கடைக்காரங்க, வீட்டுக்காரம்மா, ஆபீஸ் செக்யூரிட்டி எல்லாருக்கும் என்னப் பத்தி என்னைவிட நல்லாத் தெரிஞ்சுரும். அம்மாவுக்கு இடுப்பு வலி. ஒரே இடத்துல அரை மணிக்கு மேல உக்கார முடியாது. அது ஞாபகம் வந்துச்சு, பதினோரு மணி நேரம்மான்னு சொல்லிட்டேன். எங்கேருந்து வந்துச்சு அந்த நம்பர்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. வாய்க்கு வந்துச்சு, சொல்லிட்டேன். அம்மா உக்காந்தாங்க. அடிப்பாவி, அவ்வளவு தூரமான்னாங்க. அன்னிக்குதான் மேடம் எங்க வீட்டுல ஒரு நிமிஷம் முழுசா அமைதியா இருந்துச்சு.

நம்பிட்டாங்க. ஆனா எங்க மாமா இருக்காரே, அம்மாவோட தம்பி, அவரு நம்பல. அவரு எதையும் நெட்டுல பாத்தாத்தான் நம்புவாரு. தனக்குப் பசிக்குதான்னு கூட நெட்டுல பாப்பாரு. மேப்ப எடுத்து வெச்சுக்கிட்டு, என்ன இது, ரெண்டு ஊரும் ஒரு விரல் தூரம்தான் இருக்கு, இதுக்கு எதுக்குப் பதினோரு மணி நேரம்னாரு. நான், காத்து எதிர்த்தாப்புல அடிக்கும் மாமா, சுத்திப் போவாங்கன்னேன். அவரு, ம்ம், பாக்கறேன் பாக்கறேன்னாரு. பாக்கறேன்னா பாத்துடுவாரு. அதுல ஒரு பிடிவாதம்.

இங்கதான் என் வேலை வருது. நான் என்ன வேலை பாக்கறேன்னு சொல்லலல்ல? ஊருக்கு ஊரு தூரம் எழுதறேன். சிரிக்காதீங்க, நிஜமாவே அதான் வேலை. ஒரு பயண வெப்சைட். யாராவது இந்த ஊருலேருந்து அந்த ஊருக்கு ப்ளைட்ல எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்னு தேடினா ஒரு பக்கம் வரும் பாருங்க, அந்தப் பக்கத்த எழுதறது ஒரு ஆளு. ஆறாவது மாடியில ஜன்னல்லேருந்து மூணாவது மேசை. நான்தான். உலகத்தப் பங்கு போட்டதுல எனக்கு வந்தது தென்கிழக்கு ஆசியா. எந்த ரெண்டு ஊரு சொன்னாலும் தூரம், நேரம், மணி வித்தியாசம் எல்லாம் தூக்கத்துல சொல்வேன். ஒரு நாளைக்கு நாப்பது பக்கம். தூரம் இவ்வளவு கிலோமீட்டர், நேரம் இவ்வளவு, பயணத்துக்கு முன்னாடி தண்ணி குடிங்க, அவ்வளவுதான் பக்கம். யாரும் முழுசாப் படிக்க மாட்டாங்க. பேச வராதவளுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது.

ஆமா. அதேதான் செஞ்சேன். நீங்க சீக்கிரமாப் புரிஞ்சுக்கறீங்க.

எங்க ஊருக்கும் இந்த ஊருக்கும் உள்ள பக்கம் என் பட்டியல்லதான் இருந்துச்சு. ஒரு மணி ஐம்பத்தஞ்சு நிமிஷம்கறத அழிச்சிட்டுப் பத்து மணி ஐம்பத்தஞ்சு நிமிஷம்னு போட்டேன். ஒரே ஒரு சைபர்தான் சேத்தேன், அதுவே என்னைக் குத்திக்கிட்டே இருந்துச்சு. மாமா டிக்கெட் எடுத்துப் பாத்தா கிளம்பற நேரம், இறங்கற நேரம் போட்டிருக்குமே, மாட்டிக்குவேனேன்னு நினைச்சேன். டிக்கெட்ல போடறது அந்தந்த ஊரு நேரம்தானே மேடம்? அப்ப நடுவுல ஒன்பது மணி நேரம் வித்தியாசம்னு சொல்லிட்டா கணக்கு சரியா வந்துடும். அதையும் பக்கத்துல போட்டேன். இந்த ஊரு ஒன்பது மணி நேரம் பின்னாடின்னு. மாமா பேப்பர் பேனா எடுத்து ஒன்பதும் ஒண்ணே முக்காலே சொச்சமும் கூட்டி, பத்து அம்பத்தஞ்சுன்னு வந்ததும், பாத்தியா, நான் சொன்னேன்லன்னு எங்க அம்மாகிட்ட சொன்னாரு. அவரு எங்க சொன்னாரு? நான்ல சொன்னேன்!

ஆனா அதுக்கப்புறம் எனக்குக் கவலையே இல்ல. மாமா ஒண்ண நம்பிட்டா அது அவரோட சொத்து. எதிர் வீட்டுல ஒருத்தர் இந்த ஊருக்கு வந்துட்டுப் போனவரு, ரெண்டு மணி நேரம்கூட ஆகலையேன்னு சொல்லியிருக்காரு. மாமா அவர உக்கார வெச்சு, நீங்க தூங்கியிருப்பீங்க சார்னு சொல்லி அனுப்பிட்டாரு. அந்த மனுஷன் இப்ப தனக்கே தூக்க வியாதியோன்னு டாக்டரப் பாக்கறாராம்.

தினம் அந்தப் பக்கத்தத் திறந்து பாப்பாரு மாமா. நம்பர் மாறியிருக்கான்னு. எங்க டீம் லீடர் ஒரு நாள் எல்லார் முன்னாடியும் என்னப் பாராட்டினாரு. உங்க பக்கம் ஒண்ணுக்கு மட்டும் ஒரு நாள் தவறாம ஆள் வருது, என்ன ரகசியம்னாரு. என்னத்தச் சொல்ல? வந்தது எங்க மாமா ஒருத்தர்தான்.

உங்க டீ ஆறுது மேடம். குடிங்க.

அந்த ஒன்பது மணி நேரத்த நான் விளையாட்டா சேத்துட்டேன், ஆனா அதோட குடும்பம் நடத்தினது நான்ல? அம்மா காலையில ஏழு மணிக்குப் போன் பண்ணுவாங்க. அவங்க கணக்குல எனக்கு ராத்திரி பத்து. சாப்டியா, கதவச் சாத்தினியா, படுன்னுவாங்க. நான் குளிச்சுத் தலை துவட்டிக்கிட்டே கொட்டாவி விடுவேன். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆபீஸ்லேருந்து வந்து செருப்பக் கழட்டுவேன், அம்மா போன்ல, செருப்பப் போட்டுட்டியா, பஸ்ஸுக்கு நேரமாச்சேன்னுவாங்க. வெயில் எப்படின்னு கேப்பாங்க. ஜன்னல்ல இருட்டிட்டிருக்கும், இப்பதான்மா ஏறுதுன்னு சொல்வேன். ஆனா ஒண்ணு சொல்லணும், ஆபீஸ் நேரம் முழுக்க அம்மா கணக்குல நான் தூங்கிட்டிருந்தேன். எட்டு மணி நேரம் எனக்குன்னு இருந்துச்சு. என் வயசுல முதல் தடவையா.

வீட்டுக்குப் போகாம இருப்பேனா? வருஷத்துக்கு ஒரு தடவை போவேன். டாக்ஸியிலேருந்து இறங்கறதுக்கு முன்னாடி தலைய நானே கலைச்சுக்குவேன். டிரைவர் கண்ணாடியில பாத்துட்டு, கண்ணாடியத் திருப்பி வெச்சுட்டாரு, நல்ல மனுஷன். வாசல்லேருந்தே தள்ளாடிட்டு நடப்பேன். அம்மா ரெண்டு நாள் ஜன்னலச் சாத்தி என்னைத் தூங்க வெப்பாங்க. தூக்கமே வராது. படுத்துக்கிட்டு உத்தரத்த எண்ணுவேன். அப்பா மட்டும் ஒரு தடவை எட்டிப் பாத்து, போர்வைக்குள்ள நான் முழிச்சிட்டிருக்கறதப் பாத்துட்டு, கதவச் சாத்திட்டுப் போனாரு. அவருக்குத் தெரியும்னு நினைக்கறேன். அவரும் எங்கயாவது பதினோரு மணி நேரம் தள்ளிப் போகணும்னு ஆசைப்பட்டிருப்பாரு.

மணி என்ன ஆச்சு? பன்னெண்டே முக்கால்.

இப்ப எப்படி வர்றாங்கன்னா, அதுக்கும் நான்தான் காரணம். போன வாரம் போன்ல அம்மா, என்னடி இப்பல்லாம் நிறையப் பேசறேன்னாங்க. அப்படியான்னேன். ஆமா, நேத்து நான் கேக்காமயே ரெண்டு விஷயம் சொன்னே, உடம்பு கிடம்பு சரியில்லையான்னாங்க. பாருங்க, நான் பேசினா வியாதி. அதோட விட்டிருக்கலாம். வெள்ளிக்கிழமை மட்டும் போன் பண்ணாதீங்கம்மா, எனக்கு ஒரு வேலை இருக்குன்னு சொல்லிட்டேன். இருபத்தாறு வருஷத்துல நான் அம்மாகிட்ட ஒண்ண வேணாம்னு சொன்னது அதுதான் முதல் தடவை. சரிடி கண்ணுன்னு வெச்சுட்டாங்க. எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும். எங்க அம்மா ஒரே வார்த்தையில வெச்சாங்கன்னா ஏதோ நடக்கப் போகுதுன்னு அர்த்தம்.

இன்னிக்கு வெள்ளிக்கிழமை.

காலையில பத்தே முக்காலுக்கு ஒரு குரல் செய்தி. போன் பண்ணல, ஏன்னா அவங்க கணக்குல எனக்கு அப்ப நடு ராத்திரி. மெதுவாப் பேசறாங்க, என்னை எழுப்பிடக் கூடாதாம். கண்ணு, நீ தூங்கு, நான் ப்ளைட் ஏறப் போறேன், மாமா எல்லாம் சொல்லிக் குடுத்திருக்கான், பதினோரு மணி நேரம்தானே, இடுப்புக்குப் பெல்ட் போட்டிருக்கேன், நீ ஒண்ணும் யோசிக்காத, நான் வந்து பாத்துக்கறேன். அவ்வளவுதான். கடைசியில மட்டும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எந்திரிச்சு நடக்கணும்னு மாமா சொல்லியிருக்கான்னாங்க.

முதல் தடவை எந்திரிக்கறதுக்குள்ள இறங்கிடுவாங்க மேடம்.

யோசிச்சுப் பாருங்க. இப்ப பைலட் சொல்லியிருப்பாரு, இறங்கப் போறோம், பெல்ட் போடுங்கன்னு. அம்மா என்ன நினைப்பாங்க? பதினோரு மணி நேரத்துல ஒன்பது மணி நேரம் மிச்சம் இருக்கு. என்னமோ கோளாறு, பாதி வழியில இறக்கறாங்கன்னு நினைச்சிருப்பாங்க. நினைச்சுட்டுச் சும்மா இருப்பாங்களா? பக்கத்து சீட்டுக்காரங்களுக்கெல்லாம் தைரியம் சொல்லிட்டிருப்பாங்க. அழாதீங்க, ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்னு. யாரும் அழுதிருக்க மாட்டாங்க. இவங்க சொன்னப்புறம் ரெண்டு பேராவது ஆரம்பிச்சிருப்பாங்க.

தமாஷாத்தான் இருக்கு. எனக்கும் அந்தச் செய்தியக் கேட்டு முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. அப்புறம் அந்தப் பெல்ட்டுன்னு சொன்னாங்க பாருங்க. அரை மணி உக்கார முடியாதவங்க. அவங்க மனசுல அது நிஜமாவே பதினோரு மணி நேரம். அதுல ஏறி உக்காந்துட்டாங்க, நான் போன்ல ரெண்டு வாக்கியம் அதிகமாப் பேசிட்டேன்னு. நான் மூணு வருஷமா எழுப்பின சுவரு, அவங்க ஒரு பெல்ட்டக் கட்டிக்கிட்டுத் தாண்டி வந்துட்டாங்க. அதுக்கப்புறம் சிரிக்க வரல.

இல்ல மேடம், அழல. குனிஞ்சே நிக்கறேன்ல, ரத்தம் தலைக்கு வந்துடுச்சு.

உங்கள அக்கான்னு கூப்பிடலாமா? மேடம்னு சொல்லி இவ்வளவு விஷயம் பேச ஒரு மாதிரி இருக்கு.

என்னது? ஆமா. கரெக்ட். பதினோரு மணி நேரம் ஆகணும்னா ராத்திரி பத்து மணிக்குல்ல இறங்கணும். நாலு மணின்னா அஞ்சு மணி நேரம்கூட ஆகல, பொய்யி எப்படியும் மாட்டிக்கும். நீங்க கணக்குல கெட்டி அக்கா. இன்னொருத்தரும் இப்படித்தான் பிடிச்சாரு.

அதச் சொல்றேன், அப்பதான் இது புரியும். நான் நேரத்த மாத்தினேனா, கிலோமீட்டர மாத்த மறந்துட்டேன். நாப்பது பக்கம் எழுதற கை, பழக்கத்துல அத விட்டுடுச்சு. ஆயிரத்து முன்னூத்திப் பத்து கிலோமீட்டர், பத்து மணி ஐம்பத்தஞ்சு நிமிஷம்னு அப்படியே நிக்குது பக்கம். மாமா தினம் பாத்தும் கண்டுபிடிக்கல. ஒரு நாள் புகார் ஒண்ணு வந்துச்சு. என் பக்கங்களுக்கு வர்ற புகாருக்கு நான்தான் பதில் எழுதணும். எழுதினவரு ஒரு லிஃப்ட் மெக்கானிக். இந்த ஊருதான். எங்க ஊருல ஏதோ லிஃப்ட் ரிப்பேருக்குப் போறதுக்காகத் தேடியிருக்காரு. என்ன எழுதினாருன்னா, உங்க கணக்குப்படி இந்த விமானம் மணிக்கு நூத்தி இருபது கிலோமீட்டர் வேகத்துல போகுது, வழியில எங்கயாவது நிறுத்தி ஆள் ஏத்தறாங்களான்னு.

நான் என்ன பண்ணுவேன்? மாத்தினா மாமா பாத்துடுவாரு. உங்கள் கருத்துக்கு நன்றி, பரிசீலிக்கிறோம்னு ஆபீஸ் பதில அனுப்பினேன். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி எழுதினாரு. நீங்க பரிசீலிக்கற நேரத்துல அந்த விமானம் உங்க வேகத்துலயே போய்ட்டு வந்துருச்சுன்னு. மறுபடி நன்றி. மறுபடி அவரு. ஏழாவது கடிதத்துல கிண்டல் இல்ல. இத மாத்தாம இருக்கறதுக்கு ஒரு காரணம் இருக்கணும், அதச் சொன்னா நான் எழுதறத நிறுத்திக்கறேன்னு இருந்துச்சு. எனக்கு என்ன தோணுச்சோ, உக்காந்து மூணு பக்கம் எழுதினேன். அம்மா, வார்டன், இடுப்பு வலி, மாமா, எல்லாம். உலகத்துல ஒருத்தர்கிட்ட முதல் தடவையா. பதில் என்ன வந்துச்சு தெரியுமா? புரிஞ்சுது, ஆனா தூரத்தையும் மாத்திடுங்க, இல்லன்னா என்ன மாதிரி இன்னொருத்தன் பிடிச்சுடுவான், ஒன்பதாயிரம் கிலோமீட்டர்னு போட்டா வேகம் சரியா வரும்னு.

அதுக்கப்புறம் அவரு நிறுத்தவும் இல்ல. நானும் நிறுத்தல.

போங்கக்கா. அப்படியெல்லாம் பாக்காதீங்க.

நேர்ல பாத்தப்ப பெரிசா ஒண்ணும் நடக்கல. ஆபீஸ் கீழ டீக்கடை. நான் ஒரு வாக்கியத்த ஆரம்பிச்சு நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கறேன். வேற யாரா இருந்தாலும் எடுத்துக் குடுத்துடுவாங்க. அவரு டம்ளரக் கையில வெச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருந்தாரு. வேலையே அதானே, லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னா பதறக் கூடாதாம், அதுவா வரும்னு விடணுமாம். அன்னிக்கு நாலு வாக்கியம் பேசினேன்கா. நாலையும் நானே முடிச்சேன். வீட்டுக்குப் போய் படுத்தா, என்னமோ ஓடிட்டு வந்த மாதிரி தொண்டையெல்லாம் வலி. நல்ல வலி.

ஆமா, அதனாலதான் போன்ல அதிகமாப் பேசினேன். அம்மாவுக்கு மூக்குல வேர்த்துடுச்சு.

ஐயோ, போர்டு மாறிடுச்சு. இறங்கிட்டாங்களா? பத்து நிமிஷம் முன்னாடியேவா! லேட்டாக்கச் சொன்னா சீக்கிரம் வந்திருக்கீங்க. உங்களச் சொல்லல, உங்க ப்ளைட்டச் சொன்னேன்.

நாலு மணி ஏன்னா... மூணு மணிக்கு எனக்குக் கல்யாணம்கா.

இன்னிக்குத்தான். ரிஜிஸ்டர் ஆபீஸ், ரெண்டாவது மாடி. மூணுலேருந்து மூணேகால் வரைக்கும் எங்க நேரம், அப்புறம் வேற ஜோடி. அவரு அங்க போய் வரிசையில உக்காந்துட்டாரு, எங்க டீம் லீடரும் அவரோட பிரெண்டு ஒருத்தரும் சாட்சி. அந்த மாடிக்கு லிஃப்ட் ஓடலன்னு அதக் குனிஞ்சு பாத்துட்டிருக்காருன்னு இப்பதான் மெசேஜ் வந்துச்சு. நல்ல சட்டைய அழுக்காக்காதீங்கன்னு திருப்பி அனுப்பினேன்.

இல்லக்கா, அம்மா வேணாம்னு சொல்லவே மாட்டாங்க. அவர ஒரு தடவை பாத்தாங்கன்னா என்னை விட்டுட்டு அவரத்தான் கவனிச்சுப்பாங்க. சாயங்காலமே போன் பண்ணிச் சொல்றதாத்தான் இருந்தேன். ரெண்டு அடி விழும், அப்புறம் அழுகை, அப்புறம் புடவை எடுக்கக் கிளம்பிடுவாங்க. அம்மா இல்லாம கல்யாணம் பண்ணிக்கணும்னு எனக்கு மட்டும் ஆசையா? காலையிலேருந்து ஒரு வாய் இறங்கல எனக்கு.

போன வாரம் ஃபாரம் குடுக்கப் போனப்ப, எங்களுக்கு முன்னாடி ஒரு ஜோடிக்கு நடந்துட்டிருந்துச்சு. கதவு திறந்திருந்தது, பாத்தேன். அந்த ஆபீஸர் தலையத் தூக்கிப் பொண்ணப் பாத்து, உங்களுக்கு முழுச் சம்மதமாம்மான்னு கேக்கறாரு. பொண்ணு தொண்டையச் செருமிக்கிட்டு, சம்மதம்னு சொல்லுச்சு. அவ்வளவுதான்கா. எழுதிக்கிட்டாரு. அந்த ஒரு வார்த்தைதான் கல்யாணம்.

எங்க அம்மா அந்த ரூம்ல இருந்தாங்கன்னா, அந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்வாங்கன்னு நினைக்கறீங்க?

அதான். அதுக்குத்தான் நாலு மணி. வேற எல்லாத்தையும் அவங்களே பேசிக்கட்டும், காலம் பூரா பேசிக்கட்டும். அந்த ஒண்ண மட்டும் நான் சொல்லணும்.

அம்மாகிட்டயே அதச் சொல்றதா? இத்தனை நாள் அதைச் சொல்ல முடியாமத்தானே அக்கா தூரத்த மாத்தி எழுதினேன்.

கதவு திறக்குது. அதோ, பச்சைப் புடவை. பைலட்டோடயா பேசிட்டு வர்றாங்க? ஆமா, தொப்பி போட்டிருக்காரு. பாவம், தலையாட்டறாரு. நடக்கறதப் பாருங்களேன், இடுப்பப் பிடிக்கவே இல்ல. நல்லாத்தான் இருக்காங்க.

அம்மாவ நிறுத்தி வெக்க வேணாம்கா, விடுங்க. மணி ஒண்ணேகால்தான் ஆச்சு, ஒண்ணே முக்கால் மணி நேரம் இருக்கு. டாக்ஸியில போகும்போதே கேட்டுடறேன். மூணுலேருந்து மூணேகால் வரைக்கும் மட்டும் வாயத் திறக்காதீங்கம்மான்னு. கால் மணி நேரம்தானே. வர்றேன்கா, உங்க டீ சுத்தமா ஆறிடுச்சு.